"உனக்குப் புரியாது" என்னும் பூட்டு

"உனக்கு இது புரியாது. உன் வேலையைப் பார்!"

நம் நாட்டில் இந்த வார்த்தையைக் கேட்காத உழைப்பாளி உண்டா? அடங்கல் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கர்ணம் குத்தகை விவசாயியிடம் சொன்னது இதைத்தான். நோட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு வட்டிக் கடைக்காரன் கடன்பட்டவனிடம் சொன்னது இதைத்தான். போனஸ் கணக்கைக் கேட்கப் போன தொழிலாளியிடம் ஆலை மானேஜர் சொன்னதும் இதைத்தான். எழுதியிருப்பது என்ன என்று கேட்டவனுக்கெல்லாம் கிடைத்தது இந்த ஒரே பதில்!

இன்று அதே பதில் புதிய சட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அடங்கலும் வட்டி நோட்டும் சம்பளப் பட்டியலும் இப்போது கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. ரேஷன் அட்டையும் அதற்குள்தான். பாங்கிக் கணக்கும் அதற்குள்தான். அந்தக் கம்ப்யூட்டரை ஆட்டி வைக்கும் எழுத்தைக் காட்டு என்று கேட்டால், "உனக்குப் புரியாது" என்கிறார்கள். காட்டத் தேவையில்லாமல் ஏற்கெனவே திறந்து கிடக்கும் எழுத்தைப் படிக்கப் போனாலும் "உனக்குப் புரியாது" என்கிறார்கள். இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம்.

சென்ற மாதம் நமது ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு வட்டத்துக்கு ஓர் இளம் தோழர் வந்தார். ஐ.டி.ஐ. படித்தவர். பகலில் லேத் பட்டறையில் வேலை. மாலையில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் படிப்பு. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் மூலநிரலை எவரும் காசில்லாமல் இறக்கிப் படிக்கலாம் என்று கேள்விப்பட்டு, அவர் அதை இறக்கியே விட்டார். திறந்து பார்த்தார். தலை சுற்றியது. பயிற்சி நிலையத்து ஆசிரியரிடம் போய்க் கேட்டார். அந்த ஆசிரியர் சிரித்தார். "அது பெரிய பெரிய என்ஜினியர்கள் சமாசாரம். உனக்கெதற்கு? பட்டனைத் தட்டத் தெரிந்தால் போதும், வேலை கிடைக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"தோழர், திறந்திருக்கிறது என்கிறார்கள். திறந்து பார்த்தால் சுவர்போல நிற்கிறது. அப்படியானால் இந்தத் திறப்பினால் நமக்கு என்ன பிரயோஜனம்?" என்று அவர் நம்மைக் கேட்டார்.

நியாயமான கேள்வி. இதை எழுதும் நாம் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர்கள் அல்லர். ஆகவே பண்டிதர் வேஷம் போடாமல், அவரோடு சேர்ந்து உட்கார்ந்து, தெரிந்தவர்களைக் கேட்டு, நாமும் கொஞ்சம் படித்துப் பார்த்தோம். அதன்பிறகே இதை எழுதுகிறோம்.

மூலநிரல் என்பது என்ன?

கம்ப்யூட்டர் தானாக எதையும் செய்வதில்லை. மனிதன் எழுதிக்கொடுக்கும் கட்டளைகளைச் செய்கிறது. மனிதன் படிக்கக்கூடிய எழுத்தில் எழுதப்பட்ட அந்தக் கட்டளைகள்தாம் மூலநிரல். அதை இயந்திரத்துக்கு ஏற்றபடி பூஜ்யமும் ஒன்றுமாக மாற்றுகிறார்கள். மாற்றியபின் மனிதனால் அதைப் படித்தறிவது பெரும்பாடு. பெரிய கம்பெனிகள் நமக்கு விற்பது இந்த இரண்டாவது உருவத்தை. மூலத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். பணம் கொடுத்து வாங்கியவனுக்கும் அதைப் பார்க்க உரிமையில்லை.

இயங்குதளம் என்பது கம்ப்யூட்டரின் மேஸ்திரி. எந்த வேலை எப்போது ஓடுவது, எதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது, எந்த ஃபைலை யார் திறக்கலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதுதான். மேஸ்திரியின் கட்டளைப் புத்தகத்தை எல்லோரும் படிக்கலாம் என்று வைத்திருக்கும் இயங்குதளம் லினக்ஸ். நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போன்களின் உள்ளேயும் இதன் கெர்னல்தான் ஓடுகிறது. கெர்னல் என்றால் இயங்குதளத்தின் நடுக்கரு. 2017 நவம்பரிலிருந்து உலகின் மிகப் பெரிய 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 500-ம் லினக்ஸில் ஓடுபவைதாம்.

இப்படிப்பட்ட எழுத்தைத்தான் "உனக்கெதற்கு?" என்று தள்ளிவைக்கச் சொல்கிறார்கள்.

கதவை அடைத்த கதை

"புதிதாக வருபவனுக்கு இதெல்லாம் புரியாது" என்பது இயற்கை விதியா? சரித்திரம் வேறு கதை சொல்கிறது.

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஆரம்பித்தார்கள். அந்தக் கூடம் ஏ.டி. அண்ட் டி. என்ற டெலிபோன் ஏகபோகக் கம்பெனியைச் சேர்ந்தது. 1956-ல் ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட சமரசத் தீர்ப்பின்படி அந்தக் கம்பெனி டெலிபோன் தொழிலுக்கு வெளியே வியாபாரம் செய்யக்கூடாது. விற்றுக் காசாக்க வழியில்லை. ஆகவே யூனிக்ஸை மூலநிரலோடு சர்வகலாசாலைகளுக்குச் சொற்பக் கட்டணத்தில் கொடுத்தது. ஏகபோகத்தின் மூக்கில் கயிறு போட்டதால் கிடைத்த பலன் இது. தர்ம சிந்தனையால் வந்ததல்ல!

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், நியூ சவுத் வேல்ஸ் சர்வகலாசாலையில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் இருந்தார். யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கெர்னல் ஏறத்தாழ 9,000 வரிகள்தாம். அதை அவர் பகுதி பகுதியாகப் பிரித்தார். வரிக்கு வரி எண் போட்டு அச்சிட்டார். கூடவே ஓர் உரையும் எழுதினார். 1977-ல் அது மாணவர்கள் கைக்கு வந்தது. நம் நாட்டில் குறளுக்குப் பரிமேலழகர் உரை எழுதியதுபோல மூலம் ஒரு பக்கம், உரை ஒரு பக்கம். மேஸ்திரியின் கட்டளைப் புத்தகத்தை முழுமையாகப் படித்து முடிக்கலாம் என்று மாணவர்களுக்கு நிரூபித்துக் காட்டினார் லயன்ஸ்.

படித்தார்கள், புரிந்தது. கம்பெனி என்ன செய்தது? 1979-ல் வந்த ஏழாம் பதிப்பின் உரிம நிபந்தனையில், மூலநிரலை வகுப்பறையில் வைத்துப் பாடம் நடத்தக்கூடாது என்று எழுதி வைத்தது!

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். மாணவனுக்குப் புரியாது என்றால் தடை எதற்கு? புரியாத புத்தகத்துக்கு யாராவது பூட்டுப் போடுவார்களா? புரிந்துவிட்டது, அதனால்தான் பூட்டு வந்தது. வியாபாரத்துக்கு வழி பிறக்கும் என்று தெரிந்தவுடன் அறிவு சொத்தாகிவிட்டது, படிப்பது திருட்டாகிவிட்டது.

லயன்ஸின் உரை அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நகலின் நகலாக, எழுத்து மங்கிய காகிதமாக, கைமாறிக் கைமாறி உலகமெங்கும் சுற்றியது. 1996-ல்தான் அது பகிரங்கமாகப் புத்தக உருவில் வெளிவர அனுமதி கிடைத்தது. ஒரு தலைமுறை என்ஜினியர்கள் இயங்குதளம் என்றால் என்ன என்பதைக் கற்றது இந்த மங்கல் காகிதத்திலிருந்துதான். "உனக்கு எதற்கு?" என்று இன்று கேட்கும் மேதாவிகளின் குருமார்களே இப்படித் திருட்டுத்தனமாகப் படித்துத் தேறியவர்கள் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம்.

வகுப்பில் தடை வந்ததால், ஹாலந்தில் ஆண்ட்ரூ டானென்பாம் என்ற பேராசிரியர் மாணவர்களுக்கென்றே மினிக்ஸ் என்னும் சிறிய இயங்குதளத்தை எழுதி, 1987-ல் பாடப்புத்தகத்தோடு வெளியிட்டார். பின்லாந்தில் லினுஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் அந்தப் புத்தகத்தைப் படித்தார். மினிக்ஸை வாங்கித் தம் கம்ப்யூட்டரில் ஓட்டினார். 1991-ல் லினக்ஸை வெளியிட்டார். அதன் முதல் பதிப்பு ஏறத்தாழ 10,000 வரிகள். 1992-ல் அதை ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். அந்த உரிமத்தை உருவாக்கியவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். "எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், ஆனால் கொடுக்கும்போது இந்த உரிமையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்" என்பதே அதன் சாரம்.

ஆக, இன்றைய லினக்ஸின் வேர் எங்கே இருக்கிறது? ஒரு மாணவன் படித்த மூலத்தில் இருக்கிறது. புதிதாக வந்தவனுக்குப் புரிந்ததால்தான் லினக்ஸே பிறந்தது.

"4 கோடி வரி" பூச்சாண்டி

"அது அந்தக் காலம். இன்றைய லினக்ஸ் கெர்னல் எத்தனை வரி தெரியுமா?" என்று அடுத்த பூச்சாண்டியைக் காட்டுகிறார்கள்.

தெரியும். குறிப்புகளையும் வெற்று வரிகளையும் சேர்த்து, 2025 தொடக்கத்தில் அது 4 கோடி வரிகளைத் தாண்டியது. ஒரு மனிதன் ஆயுள் முழுதும் படித்தாலும் தீராது. இதை நாம் மறைக்கவில்லை. ஆனால் இந்த 4 கோடியில் என்ன இருக்கிறது என்பதை இந்தக் கனவான்கள் ஏன் சொல்வதில்லை?

பாதிக்கு மேல் டிரைவர்கள். உலகத்திலுள்ள அச்சு இயந்திரம், திரை அட்டை, கேமரா, வலையட்டை ஒவ்வொன்றையும் இயக்கும் தனித்தனித் துண்டுகள். உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாத பண்டத்தின் டிரைவரை நீங்கள் ஏன் படிக்க வேண்டும்? இன்னொரு பெரும்பகுதி, வெவ்வேறு வகைச் சிப்புகளுக்கான தனிப்பகுதிகள். சில திரை அட்டைகளுக்காகப் பல லட்சம் வரிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கருவி தானாக உற்பத்தி செய்த எண் பட்டியல்கள். அவற்றை எந்த என்ஜினியரும் உட்கார்ந்து படிப்பதில்லை.

இன்னும் ஓர் உண்மை உண்டு. லினக்ஸை எழுதுபவர்களும் முழு லினக்ஸையும் படித்தவர்கள் அல்லர். ஃபைல்களைக் கவனிப்பவருக்கு வலைப்பகுதி தெரியாது. வலைப்பகுதிக்காரருக்கு நினைவகப் பகுதி தெரியாது. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று ஒரு நீண்ட பட்டியலே அந்த மூலத்தோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொருவரும் தம் மூலையைப் படிக்கிறார்கள். மற்ற மூலைக்காரரை நம்புகிறார்கள். பெரிய ஆலையில் ஸ்பின்னிங் தொழிலாளிக்குச் சாயப் பட்டறை தெரியாது. அதனால் அவர் தொழில் தெரியாதவர் ஆகிவிடுவாரா?

நம் இளம் தோழர் செய்த பிழை ஒன்றுதான். 4 கோடி வரிகளின் முதல் பக்கத்தைப் புரட்டி, கதைப் புத்தகம்போல வரிசையாகப் படிக்க முயன்றார். அது ரயில்வே அட்டவணையை நாவல்போலப் படிப்பதற்குச் சமம். இந்தப் பிழையைத் திருத்தி வழிகாட்ட வேண்டியது அந்த ஆசிரியரின் கடமை. சிரிப்பது கடமையல்ல.

வழி இருக்கிறது. லயன்ஸ் உரை எழுதிய அதே ஆறாம் பதிப்பைப் பின்பற்றி, இன்றைய இயந்திரத்தில் ஓடும்படி புதிதாக எழுதப்பட்ட எக்ஸ்.வி.6 என்னும் சிறிய இயங்குதளம் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 2006-ல் மாணவர்களுக்காக எழுதப்பட்டது. அதன் கெர்னல் பத்தாயிரம் வரிக்கும் குறைவு. அதற்கு எழுதப்பட்ட உரைப் புத்தகமும் இலவசம். தினம் 30 வரி படித்தால் 9,000 வரி 300 நாளில் முடியும். 4 கோடியைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் இந்தச் சிறு கணக்கை ஏன் சொல்வதில்லை?

பட்டறையில் ஒரு பாடம்

இனி நாம் படித்ததைச் சொல்கிறோம்.

ஒரே சிப்பு, ஆனால் ஒரே நேரத்தில் பாட்டும் பாடுகிறது, கணக்கும் போடுகிறது, கடிதமும் அனுப்புகிறது. எப்படி? இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு எக்ஸ்.வி.6-க்குள் நுழைந்தோம். விடை இருக்கும் பகுதி, குறிப்புகளை நீக்கினால், சில பத்து வரிகள்தாம்.

சி மொழி தெரிந்த ஒரு தோழர் வரிவரியாக வாசிக்க, நம் லேத் தோழர் நடுவில் நிறுத்தினார். "இது எங்கள் பட்டறை!" என்றார். எப்படி என்று கேட்டோம். அவர் விளக்கியதை அப்படியே தருகிறோம்.

பட்டறையில் ஒரு லேத். மேஸ்திரி கையில் 64 வேலைச் சீட்டு வைக்கும் பலகை. எக்ஸ்.வி.6-ல் அதிகபட்சம் 64 வேலைகள்தாம் பதிய முடியும். மேஸ்திரி முதல் சீட்டிலிருந்து வரிசையாகப் பார்க்கிறார். "தயார்" என்று எழுதியிருக்கிறதா? இருந்தால் அதை "ஓடுகிறது" என்று மாற்றி லேத்தில் ஏற்றுகிறார். இல்லையென்றால் அடுத்த சீட்டு. கச்சாப் பொருளுக்காகக் காத்திருக்கும் வேலைக்கு "தூங்குகிறது" என்று பெயர். அதைத் தாண்டிப் போகிறார். கடைசிச் சீட்டு முடிந்ததும் மறுபடி முதல் சீட்டு.

பட்டறையில் இரண்டு லேத், இரண்டு மேஸ்திரி இருந்தால்? இருவரும் ஒரே சீட்டை எடுத்துவிடக்கூடாது. அதனால் சீட்டைத் தொடுமுன் அதற்கு ஒரு பூட்டு. பார்த்து முடித்ததும் பூட்டு விடுதலை. ஒரு வேலையே லேத்தை விடாமல் பிடித்துக்கொண்டால்? வினாடிக்கு ஏறத்தாழ பத்து முறை மணி அடிக்கிறது. மணி அடித்ததும் இறங்க வேண்டும், அடுத்தவனுக்கு முறை.

"ஜோம்பி" என்று ஒரு நிலையும் அதில் இருக்கிறது. வேலை முடிந்து போய்விட்டது. ஆனால் அதை ஆரம்பித்து வைத்த தாய் வேலை வந்து கணக்கு முடிக்காததால் பெயர் மட்டும் பலகையில் நிற்கிறது. "ஆள் போன பின்னும் மஸ்டர் ரோலில் பெயர் இருப்பதுபோல!" என்று சொல்லிச் சிரித்தார் தோழர்.

அவருக்குப் புரியாது என்று சொன்னார்களே, இதோ புரிந்துவிட்டது! எல்லாம் புரிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குச் சிப்பு தாவும் அந்த நொடியில் என்ன நடக்கிறது என்பது எங்களுக்கு இன்னும் முழுதும் பிடிபடவில்லை. ஆனால் அதற்காக வெட்கப்படவும் இல்லை. ஏனென்றால் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் இதே இடத்தில், லயன்ஸ் போட்ட எண்படி 2238-ஆவது வரியில், இது உங்களுக்குப் புரியும் என்று எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது. திமிரால் எழுதவில்லை, பரீட்சையில் இது வராது என்று மாணவரிடம் சொல்வதுபோல எழுதியது என்று பிற்காலத்தில் ரிட்சி விளக்கினார். அங்கே என்ன நடக்கிறது என்பது தங்களுக்கே சரியாக விளங்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

எழுதியவரே இப்படி ஒப்புக்கொள்கிறார்! இடைத்தரகர்களோ எல்லாம் தெரிந்தவர்கள்போல நம்மை விரட்டுகிறார்கள்.

படிக்க ஆளில்லாவிட்டால்?

"சரி, புரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். லேத் தொழிலாளி இதைப் படித்து என்ன ஆகப்போகிறது? நிபுணர்கள் படித்துக்கொள்வார்கள்" என்பது அவர்களுடைய கடைசி வாதம்.

இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2014-ல் நடந்ததே சாட்சி. ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்பது வலைத்தளங்களுக்கும் நமக்கும் இடையே போகும் ரகசியங்களைக் காக்கும் மென்பொருள். மூலம் முழுதும் திறந்தே இருந்தது. 2012-ல் வெளிவந்த பதிப்பில் ஒரு பிழை நுழைந்தது. கேட்கிறவன் "இத்தனை நீளம் திருப்பி அனுப்பு" என்று சொன்னால், அந்த நீளம் உண்மையா என்று சரிபார்க்காமல், நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தது. கடவுச்சொற்கள்கூட வெளியே கசியக்கூடிய ஓட்டை. இரண்டு ஆண்டுகள் அது எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்தது. 2014 ஏப்ரலில்தான் உலகம் அறிந்தது. அதுவரை கோடிக்கணக்கானோர் நம்பியிருந்த அந்த மென்பொருளைப் பராமரித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தாம்!

கதவு திறந்திருந்தது, உள்ளே போய்ப் பார்க்க ஆள் இல்லை. நிபுணர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். நிபுணரும் அப்படியே நினைத்தார்.

மறுபக்கம் 2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். எக்ஸ்.இசட். என்னும் சிறிய சுருக்குக் கருவிக்குள், நம்பிக்கையான உதவியாளர்போல இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பழகிய ஒருவர் பின்வாசல் ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டர்களுக்குள் கள்ளச்சாவி போட்டு நுழையும் ஏற்பாடு. பகிரங்கமாக வைத்திருந்த மூலத்தில் இல்லாத வரிகளை, விநியோகிக்கும் பொட்டலத்தில் மட்டும் சேர்த்திருந்தார். ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற என்ஜினியர் கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி அதிகம் ஆவதைக் கவனித்தார். ஏன் அரை வினாடி என்று தோண்டினார். சதி அம்பலமாயிற்று. அவர் பாதுகாப்புத் துறை நிபுணர் அல்லர். டேட்டாபேஸ் வேலை செய்பவர். பெரிய கம்பெனியில் சம்பளம் வாங்குபவர்தான். ஆனால் அவரால் தோண்ட முடிந்ததற்குக் காரணம் மூலம் திறந்திருந்தது. அவருக்குப் படிக்கும் பழக்கமும் இருந்தது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் காரியம் நடந்திருக்காது.

மூலம் பூட்டியிருந்தால் என்ன ஆகும்? 2015-ல் போக்ஸ்வாகன் கார்க் கம்பெனியின் குட்டு உடைந்தது. சோதனைக்கூடத்தில் நிற்கிறோமா, சாலையில் ஓடுகிறோமா என்று காரிலிருந்த மென்பொருள் கண்டறிந்து, சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டியது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்கள்! அந்த வரிகளைப் பார்க்கும் உரிமை காரை வாங்கியவனுக்கு இல்லை. சாலையில் ஓட்டிப் புகையை அளந்த ஆராய்ச்சியாளர்களால்தான் அது வெளிப்பட்டது.

ஆகவே வாசகர்கள் இரண்டு விஷயத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பூட்டிய மூலம் ஏமாற்றுக்காரனுக்கு வசதி. படிக்க ஆளில்லாத திறந்த மூலமும் பாதிப் பூட்டுத்தான். படிப்பவர்களின் எண்ணிக்கை பெருகினால்தான் திறப்பு உண்மையான திறப்பு. இன்று தட்டுத்தடுமாறிப் படிக்கும் புதியவன்தான் நாளை அந்த அரை வினாடியைக் கவனிக்கப் போகிறவன். அவனை வாசலிலேயே விரட்டுகிறவன் யாருக்குச் சேவை செய்கிறான்?

நம் பக்கத்துச் சந்தேகம்

நம் தோழர்களிலும் சிலர் வேறுவிதமாகப் பேசுகிறார்கள். "லினக்ஸையும் பெரிய கம்பெனிகள்தாமே வளைத்துப் போட்டிருக்கின்றன? அதில் நமக்கென்ன?" என்கிறார்கள்.

முதல் பாதி உண்மை. இன்று கெர்னலில் நடக்கும் மாற்றங்களில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் இன்டெல், கூகிள், ரெட் ஹாட் போன்ற கம்பெனிகளின் சம்பளக்காரர்கள். பல நாட்டு உழைப்பாளிகளின் கூட்டு உழைப்பை வைத்து லாபம் குவிக்கிறார்கள். போனுக்குள் லினக்ஸை வைத்துவிட்டு, போனை வாங்கியவன் அதை மாற்ற முடியாதபடி பூட்டியும் விற்கிறார்கள்.

ஆனால் அதனால் மூலத்தைப் படிக்க வேண்டாம் என்று முடிவுகட்டுவது சரியா? ஆற்றுத் தண்ணீரை மிராசுதார் அதிகம் எடுத்துக்கொள்கிறார் என்பதற்காக ஆற்றையே அவருக்கு எழுதிக் கொடுத்துவிடலாமா? ஜி.பி.எல். உரிமம் காகிதம் மட்டுமல்ல. அதை மீறி விநியோகித்த ஒரு கம்பெனிக்கு எதிராக 2004-ல் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமையைக் கேட்க ஆள் இருந்ததால் உரிமை நின்றது.

கேட்க வைக்கும் நிபந்தனை இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. மாணவர்களுக்காக எழுதிய அதே மினிக்ஸ், நிபந்தனை தளர்ந்த உரிமத்தில் வெளிவந்தது. இன்டெல் கம்பெனி அதை எடுத்துத் தன் சிப்புகளோடு இணைந்த நிர்வாகப் பகுதிக்குள் வைத்துக்கொண்டது. 2017-ல் இது வெளிப்பட்டபோது, எழுதிய டானென்பாமே பத்திரிகைச் செய்தி மூலம்தான் விவரம் அறிந்தார். படிப்பதற்கென்று பிறந்தது, வாங்கியவன் பார்க்க முடியாத மூலைக்குள் போய்ச் சேர்ந்தது!

தமிழில் ஓர் உரை வேண்டும்

இனி உண்மையான தடையைப் பற்றிப் பேசுவோம். மூலத்தைப் படிப்பது சுலபம் என்று நாம் சரடு விடவில்லை. சி மொழி கற்க மாதங்கள் ஆகும். அன்றாடம் பத்து மணி நேரம் உழைத்துவிட்டு வருகிறவனுக்கு 30 வரியும் பாரமே. அதற்கு மேல் ஒரு தடை: நிரலில் உள்ள குறிப்புகள், விளக்கங்கள், பிழை பற்றிய விவாதங்கள் அனைத்தும் ஆங்கிலம்.

லினக்ஸ் கெர்னலின் விளக்க ஏடுகளில் மொழிபெயர்ப்புக்கென ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதில் சீனம் இருக்கிறது. ஜப்பானியம், கொரியன், இத்தாலியன், ஸ்பானிஷ் இருக்கின்றன. தமிழ் இல்லை. யாரும் தடுக்கவில்லை, எழுதி அனுப்பினால் பரிசீலிப்பார்கள். நாம் எழுதவில்லை, அவ்வளவுதான். தமிழ்த் தொண்டர்கள் பல ஆண்டுகள் உழைத்து லினக்ஸ் திரையின் மெனுக்களைத் தமிழாக்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு நம் வணக்கம். ஆனால் வாசல் பலகை தமிழில் இருந்தால் மட்டும் போதுமா? உள்ளே அழைத்துச் செல்லவும் தமிழ் வேண்டாமா?

மூலத்துக்கு உரை எழுதுவது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் தொடங்கி எத்தனை உரைகள்! சூத்திரம் கடினம் என்று நம் முன்னோர் மாணாக்கனை விரட்டவில்லை. பதவுரை எழுதினார்கள், பொழிப்புரை எழுதினார்கள், உதாரணம் கொடுத்தார்கள். பத்தாயிரம் வரிக்கும் குறைவான எக்ஸ்.வி.6-க்குத் தமிழில் ஓர் உரை எழுத இத்தனை என்ஜினியரிங் கல்லூரிகள் உள்ள நாட்டில் ஆள் இல்லையா? லேத்தையும் மஸ்டர் ரோலையும் உதாரணம் காட்டி எழுதுங்கள். நம் தோழரைப்போல ஆயிரம் பேர் படிப்பார்கள்.

கம்ப்யூட்டர் தொழிலில் இருக்கும் தமிழ் இளைஞர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுதான். வாரத்துக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். உங்கள் ஊர் நூலகத்திலோ, சங்க அலுவலகத்திலோ ஐந்து பேரைச் சேர்த்து உட்காருங்கள். ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: எழுத்தைத் தட்டினால் திரையில் எப்படி வருகிறது? ஃபைலை அழித்தால் எங்கே போகிறது? அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் வரிகளை மட்டும் படியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ரிட்சி சொன்னாரே!

புதிதாக வரும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. தனியாகப் படிக்காதீர்கள். பெரியதில் தொடங்காதீர்கள். தலை சுற்றினால் உங்கள் மூளையைக் குறை சொல்லாதீர்கள். லினக்ஸ் மூலத்தில் 2005 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு மாற்றமும் யார் செய்தது, எந்தத் தேதியில் செய்தது, எதற்காகச் செய்தது என்ற குறிப்போடு பதிவாகியிருக்கிறது. அந்தக் குறிப்புகளைப் புரட்டினால் தெரியும்: எத்தனை பெரிய என்ஜினியரும் தவறு செய்து, திருத்தி, மறுபடி தவறு செய்துதான் அதைக் கட்டியிருக்கிறார்.

சென்ற ஞாயிறு நம் இளம் தோழர் ஒரு பழைய கரும்பலகையைக் கொண்டுவந்தார். 64 கட்டம் போட்டார். புதிதாக வந்த நால்வருக்கு மேஸ்திரியின் வேலையை விளக்கினார். அவர்களில் ஒருவர் ஓட்டல் தொழிலாளி. அவர் கேட்டார்: "எல்லாச் சீட்டும் தூங்கினால் மேஸ்திரி என்ன செய்வார்?"

நம் தோழரால் பதில் சொல்ல முடியவில்லை. இருவரும் சேர்ந்து அந்த வரியைத் தேட உட்கார்ந்தார்கள்.

"உனக்குப் புரியாது" என்னும் பூட்டு அங்கே உடைந்தது. ஊர்தோறும் அதை உடைப்போம்!